மின்கித்தாரும் இரைச்சல் நீக்கமும்

சீவக சிந்தாமணியிற் காந்தருவதத்தையார் இலம்பகத்தைப் படித்தோர் ஒரு காட்சியை மறந்திருக்க மாட்டார். இசைப்போட்டிக்கு வந்த சீவகன் முன்னர் யாழ்கள் பல கொணர்ந்து வைக்கப்படுகின்றன. அவன் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து நோக்கி, இதன் மரம் நீரில் நின்று கெட்டது, இது வாள் பட்டது, இஃது இடியுண்டது எனக் குற்றங் கண்டு ஒதுக்குகின்றான். நரம்பின் முறுக்கை அவிழ்த்து, அதனுட் கலந்து கிடந்த மயிரையும் அவையோர்க்குக் காட்டுகின்றான். யாழை வன்மையாக மீட்டினால் அக்குற்றம் பிறர் செவிக்குத் தோன்றாது மறையும் என அவன் கருதவில்லை. குற்றம் எங்கே பிறந்ததோ அங்கேயே அதனைத் தேடிக் கண்டான், பின்னரே பாடினான். இக்கட்டுரையில் யாம் சொல்லப் புகுந்ததும் இவ்வொரு கருத்தே. பொருள் மட்டும் வேறு. அது மின்கித்தாரில் எழும் இரைச்சல்.

தமிழ் பயிலும் மாணவர்க்கு இப்பொருள் ஏன் என்று நண்பர் சிலர் வினவக்கூடும். சென்னையின் தென்பகுதியில் வாழ்வோர்க்கு மின்னாற்றலால் ஒலிக்கும் நரம்புக் கருவி இன்று அயலதன்று. மார்கழித் திங்களில் மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய பகுதிகளிற் சபைதோறும் கச்சேரி நிகழும். அவ்வரங்குகளிலேயே மாண்டலின் யூ. ஸ்ரீநிவாஸ் (1969–2014) மேனாட்டு மாண்டலினின் நான்கு இரட்டைத் தந்திகளை ஐந்து தனித் தந்திகளாக மாற்றி, மின்பெருக்கத்தின் துணையால் நீண்ட கார்வையும் நுண்ணிய கமகமும் அதிற் பிறக்கச் செய்து கேட்போரை மகிழ்வித்தார். சுகுமார் பிரசாத், பிரசன்னா முதலியோர் கித்தாரிலேயே கருநாடக இசையை வாசித்துள்ளனர். எம்போன்ற மாணவரோ ஆலயப் பாடற்குழுவிலும் கல்லூரி விழாவிலும் கித்தாரை மீட்டுபவர். எல்லோர்க்கும் பொதுவான பகை ஒன்று உண்டு. பாட்டு நின்ற இடத்தில் தான் நில்லாது உறுமிக்கொண்டிருக்கும் இரைச்சலே அது. அதனை ஒழிக்கப் புகுந்து சென்ற ஆண்டு யாம் செய்த பிழை ஒன்று ஓர் உயிரையே கவர்ந்திருக்கும். அதனைப் பின்னர்க் கூறுவோம்.

பெடல் என்பது யாது?

மின்கித்தாரின் தந்திக்குக் கீழே பிக்கப் என்னும் உறுப்பு உளது. காந்தத்தின்மேல் மெல்லிய செப்புக் கம்பியைப் பல்லாயிரம் சுற்றாகச் சுற்றி அதனைச் செய்வர். எஃகுத் தந்தி அதிரும்போது அக்கம்பியிற் சிறிய மின்னோட்டம் பிறக்கின்றது. அது கேபிள் வழியே ஆம்ப்ளிஃபயரை அடைந்து பேரொலியாகின்றது. கித்தாருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் இடையே, காலால் மிதித்து இயக்கத்தக்க சிறு பெட்டிகளை வைத்து ஒலியின் தன்மையை மாற்றுவர். இவையே பெடல்கள். ஒன்று ஒலியைக் கரடுமுரடாக்கும்; அது டிஸ்டார்ஷன். ஒன்று எதிரொலி தரும், அது டிலே. ஒன்று பெரிய மண்டபத்தின் முழக்கத்தைத் தரும், அது ரிவர்ப். 1962இல் அமெரிக்காவில் மேஸ்ட்ரோ ஃபஸ்டோன் என்னும் பெட்டி விற்பனைக்கு வந்தது முதல் இவை பெருகின. இன்று ஒரு மாணவன் பலகையொன்றின்மேல் ஐந்தாறு பெடல்களை வரிசையாகப் பதித்து வைத்திருத்தல் அரிதன்று.

பெடல் பெருகப் பெருக இரைச்சலும் பெருகுவது ஏன்? ஒரு சிறு கணக்கினால் இது விளங்கும். பிக்கப் தரும் இசை 100 மில்லிவோல்ட் என்றும், அதனோடு கலந்த இரைச்சல் அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 0.1 மில்லிவோல்ட் என்றும் கொள்வோம். இரைச்சல் செவிக்குப் பெரிதும் புலப்படாது. இப்போது 300 மடங்கு பெருக்கும் டிஸ்டார்ஷன் பெடலை மிதிக்கின்றோம். இசை 30 வோல்ட் ஆதல் வேண்டும். ஆயின் 9 வோல்ட்டில் இயங்கும் பெட்டி ஏறத்தாழ 4 வோல்ட்டுக்கு மேல் அதனை உயர்த்த இயலாது. எஞ்சியது வெட்டுண்டு போகின்றது. அவ்வெட்டே நாம் விரும்பும் கரடுமுரடான ஒலி. இரைச்சலோ தடையின்றி 300 மடங்கு பெருகி 30 மில்லிவோல்ட் ஆகின்றது. முன்னர் ஆயிரத்தில் ஒன்றாயிருந்தது, இப்போது ஏறத்தாழ நூற்று முப்பதில் ஒன்றாயிற்று. பெரியோனை வளரவிடாது தடுத்துச் சிறியோனை மட்டும் வளர்க்கும் இயல்பு அப்பெட்டிக்கு உண்டு. ஆதலின் அதனுள் நுழையுமுன்னர் இரைச்சலைக் குறைத்தலே அறிவுடைமை. நுழைந்தபின் குறைத்தல் அரிது.

இரைச்சலின் வகை

அரவம் என்னும் ஒரு பொருளுக்கே கம்பலை, சும்மை முதலாக உரிச்சொற் பலவற்றைத் தொல்காப்பியர் எடுத்தோதுவர். பேரொலியைக் குறிக்கச் சொல் பல வேண்டியிருந்த மொழி நம்முடையது. கித்தாரின் இரைச்சலும் ஒருவகையினதன்று. அதனைச் செவியாற் பகுத்தறிந்தவன் பாதி வேலையை முடித்தவனாவான்.

முதலாவது உறுமல். தாழ்ந்த சுருதியில் ‘ம்ம்’ என்று தொடர்ந்து கேட்கும் ஒலி இது. நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைவது. அதன் குரலே இவ்வுறுமல். இரண்டாவது ரீங்காரம். உறுமலோடு ‘ஜ்ஜ்’ என்னும் கூர்மையும் சேர்ந்தால் அது ரீங்காரம். குழல்விளக்கின் சோக்கும், மின்விசிறியின் வேகத்தைக் குறைக்கும் மின்னணு ரெகுலேட்டரும், மேடை விளக்கை மங்கச் செய்யும் கருவியும் இதற்குத் தாயாவன. மூன்றாவது சீறல். ‘ஸ்ஸ்’ என மழைபோற் கேட்பது. மிகுதியான பெருக்கத்தாற் பிறப்பது. நான்காவது கீச்சொலி. கொசுவின் குரல் போன்ற இது பெரும்பாலும் டிஜிட்டல் பெடலின் உள்ளிருந்து மின்வழங்கும் கம்பி வழியே கசிவது. ஐந்தாவது கரகரப்பு. ஜாக்கிலோ கேபிளிலோ தொடர்பு தளர்ந்ததன் அறிகுறி இது.

இவற்றுள் உறுமல் கருநாடக இசைக்கு எவ்வளவு கேடு செய்யும் என்பது எண்ணத்தக்கது. ஒரு கட்டைச் சுருதியில் ஆதார சட்ஜம் நொடிக்கு ஏறத்தாழ 131 அதிர்வு உடையது. அதன் கீழ்ப் பஞ்சமம் முக்காற் பங்கு. அதாவது ஏறத்தாழ 98. மின்சாரத்தின் உறுமலோ 50 அதிர்வோடு நில்லாது, அதன் இரட்டிப்பாகிய 100 அதிர்வையும் உடன்கொண்டு வரும். தம்புராவின் பஞ்சமம் 98, இரைச்சலின் குரல் 100. இரண்டும் ஒன்றோடொன்று மோதி நொடிக்கு இரண்டு முறை அலைபோல் ஏறி இறங்கும். சுருதி சேராத இன்னொரு தம்புராவை எவரோ மறைவிலிருந்து மீட்டுவது போன்ற இடர் இது. மேனாட்டு முறையில் வாசிப்போரும் தடித்த தந்தியின் மூன்றாம் கட்டையை அழுத்தினால் அதே 98 அதிர்வைப் பெறுவர். அவரும் இவ்வலைவைக் கேட்கலாம். எனவே, ‘பாட்டுத் தொடங்கினால் இரைச்சல் மறைந்துவிடும்’ என்னும் ஆறுதல் பொருந்தாது. அது மறைவதில்லை; சுருதியைக் கெடுத்துக்கொண்டு உடனிருக்கும்.

பிறக்கும் இடத்தைக் காணும் முறை

சீவகன் யாழ்களை ஒவ்வொன்றாக எடுத்தவாறே நாமும் செய்தல் வேண்டும். எல்லாப் பெடலையும் கழற்றிவிட்டு, கித்தாரை ஒரே கேபிளால் ஆம்ப்ளிஃபயரோடு நேரே இணைக்க. கித்தாரின் ஒலித்திருகைச் சுழியத்திற்குக் கொணர்க. இரைச்சல் அப்போதும் குறையாது நின்றால் குற்றம் ஆம்ப்ளிஃபயரிலோ, அதற்கு வரும் மின்சாரத்திலோ, கேபிளிலோ உளது. அடங்கினால் கித்தாரில் உளது.

கித்தாரில் உளதாயின், திருகை மீண்டும் உயர்த்தி, நின்ற இடத்திலேயே மெல்லச் சுழன்று பார்க்க. ஒரு திசையில் உறுமல் மிகுந்து மற்றொரு திசையிற் குறையுமானால், பிக்கப் தன்னைச் சூழ்ந்துள்ள காந்தப்புலத்தை ஏற்கின்றது என்பது தெளிவு. ஒற்றைச் சுருள் பிக்கப்புக்கு இஃது இயல்பு. இதனை நீக்கவே 1955ஆம் ஆண்டில் கிப்சன் நிறுவனத்தைச் சார்ந்த செத் லவர் என்பார் ஹம்பக்கர் என்னும் இரட்டைச் சுருள் பிக்கப்பை அமைத்தார். இரு சுருளிலும் காந்த முனையும் சுற்றும் திசையும் எதிரெதிராக வைக்கப்பட்டமையால், தந்தியின் ஒலி இரண்டிலும் ஒன்றாகக் கூடுகின்றது. வெளியிலிருந்து வந்த உறுமல் ஒன்றையொன்று எதிர்த்து அழிகின்றது. ஒற்றைச் சுருள் கித்தார் உடையோர் ஆம்ப்ளிஃபயரின் மின்மாற்றியிலிருந்து ஓரிரு அடி விலகி நின்று, உறுமல் குறைந்த திசையைக் கண்டு அமர்தலே எளிய மருந்து. செலவில்லாததும் அதுவே.

தந்தியைத் தொட்டவுடன் ரீங்காரம் தணிகின்றதா எனவும் நோக்குக. தணிந்தால், நம் உடலே காற்றிலுள்ள மின்னலையை ஏற்றுக் கித்தாருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது என்பது பொருள். கித்தாரின் உட்குழியிற் செப்புத் தகடு ஒட்டி, அதனை ஜாக்கின் வெளிமுனையோடு இணைத்தால் இது பெரிதும் குறையும். தொட்டவுடன் இரைச்சல் மிகுமாயின் உள்ளிணைப்பிற் பிழை உண்டு; அதனைச் சீர்செய்யும் வரை அக்கருவியை வாசித்தலாகாது.

அடுத்துக் கேபிளை ஆராய்க. நல்ல கேபிளின் நடுக்கம்பியைச் சுற்றிச் செப்புக் கம்பிவலை உறைபோல் அமைந்திருக்கும். வலை அறுந்தால் நடுக்கம்பி காப்பிழந்து, வீட்டிலுள்ள மின்னிரைச்சல் அனைத்தையும் வாங்கிக்கொள்ளும். கேபிளின் இரு முனையையும் வளைத்துப் பார்க்க. கரகரத்தால் அதுவே குற்றவாளி. சாந்தோம், பெசன்ட் நகர் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக்காற்று ஜாக்கின் உலோகத்தை அரித்துக் கருக்கச் செய்கின்றது. தொடர்பு முனையைத் துடைக்கும் நீர்மத்தைச் சிறிது இட்டு, ஜாக்கைச் சில முறை செருகி எடுத்தாலே கரகரப்பு நீங்குவதை யாம் கண்டிருக்கின்றோம். நீங்காவிடின் ரிச்சி தெருவிற் புதிய ஜாக்கு வாங்கிப் பற்றவைத்துக்கொள்ளலாம்; அது கடினமான வேலையன்று.

பெடலும் அதற்கு ஊட்டும் மின்சாரமும்

இவ்வளவும் தூயதாயின் பெடல்களை ஒவ்வொன்றாகச் சேர்க்க. முதலில் அடாப்டரை நீக்கி 9 வோல்ட் பேட்டரியால் இயக்கிப் பார்க்க. பேட்டரியில் அமைதியாயிருந்த பெடல் அடாப்டரில் உறுமுமாயின் பெடல் குற்றமற்றது. அதற்கு ஊட்டிய உணவே குற்றமுடையது. பலர் ஓர் அடாப்டரிலிருந்து ஐந்து பெடல்களுக்குப் பூமாலை தொடுத்தாற்போல் ஒரே கம்பியில் மின்சாரம் தருவர். செலவு குறைவுதான், ஆயின் ஒன்றன் அழுக்கை மற்றெல்லாம் உண்ண நேரும். டிஜிட்டல் டிலேயின் உள்ளே கணக்கிடும் சில்லு ஓயாது தட்டிக்கொண்டேயிருக்கும். அத்தட்டல் மின்கம்பி வழியே டிஸ்டார்ஷன் பெடலுட் புகுந்து முந்நூறு மடங்காகிக் கீச்சொலியாக வெளிப்படும். அதனாலே டிஜிட்டல் பெடலுக்குத் தனி அடாப்டர் வைத்தல் முதல் மருந்து. ஒவ்வொரு வாயிலும் தனித்தனியே பிரிக்கப்பட்ட பவர் சப்ளை வாங்குதல் முழு மருந்து. வாங்குங்கால் அதன் ஒவ்வொரு வாயிலும் எத்தனை மில்லி ஆம்பியர் தரவல்லது என்பதைப் பெடலின் தேவையோடு ஒப்பிடுக. பழைய முறை ஃபஸ் பெடலுக்குச் சில மில்லி ஆம்பியரே போதும்; டிஜிட்டல் பெடல் சில நூறு கேட்கும்.

நம் வீடுகளில் மின்தடைக்கென வைத்துள்ள இன்வெர்ட்டரையும் ஈண்டு நினைத்தல் வேண்டும். விலை குறைந்த இன்வெர்ட்டர் தரும் மின்னலை வழுவழுப்பான வளைவாயிராது படிக்கட்டுப் போன்றிருக்கும். அப்படியின் விளிம்புகளே ரீங்காரமாகின்றன. பகலில் அமைதியாயிருந்த கருவி, மின்சாரம் நின்ற மாலையில் அலறினால் பெடலைப் பழித்துப் பயனில்லை.

வரிசை

பெடல்களை எவ்வரிசையில் வைப்பது? டியூனர், வா, கம்ப்ரஸர், டிஸ்டார்ஷன், கோரஸ், டிலே, ரிவர்ப் என்பது பெரும்பாலோர் கொள்ளும் முறை. இதனைச் சட்டமாகக் கொள்ள வேண்டுவதில்லை. காரணத்தை அறிதலே வேண்டுவது. பெருக்கும் பெட்டிக்கு முன்னுள்ள இரைச்சல் அனைத்தும் அதனாற் பெருக்கப்படும், பின்னுள்ளது பெருக்கப்படாது. ஆதலின் மிகுந்த சீறலுடைய பெடலைப் பெருக்குவதன் முன்னே வைத்தல் தவறு. 1944இல் ஹரால்ட் ஃப்ரீஸ் என்னும் பொறியறிஞர் வானொலிக் கருவிகளுக்குக் காட்டிய விதியும் இதுவே. தொடரின் முதற்படி எவ்வளவு தூயதோ அவ்வளவே முழுத்தொடரும் தூயதாகும். கம்ப்ரஸரும் எச்சரிக்கைக்குரியது. அது பேரொலியைத் தாழ்த்திச் சிற்றொலியை உயர்த்துவது. வாசிப்பு நின்றவுடன் இரைச்சலைச் சிற்றொலியெனக் கொண்டு உயர்த்தத் தொடங்கிவிடும்.

நீண்ட கேபிளும் ஒரு குறையே. மீட்டருக்கு 100 பிக்கோஃபாரட் கொள்ளளவுடைய கேபிள் ஆறு மீட்டர் ஓடினால் 600 ஆகும்; கித்தாரின் மேற்சுரங்களின் பொலிவை அது விழுங்கும். பொலிவு போயிற்றே என்று நாம் ஆம்ப்ளிஃபயரில் மேற்சுரத் திருகை உயர்த்துவோம். அதனோடு சீறலும் உயரும். வரிசையின் தொடக்கத்தில் பஃபர் உடைய பெடல் ஒன்றை வைத்தால் பொலிவு காக்கப்படும்; அதற்குப் பின்னுள்ள கேபிளும் புறத்திரைச்சலை எளிதில் ஏற்காது.

இறுதியாக நாய்ஸ் கேட் என்னும் பெடலைக் கூறுவோம். ஒலி ஓர் அளவுக்குக் கீழே தாழ்ந்தவுடன் கதவை அடைத்துவிடும் காவலன் இது. டிஸ்டார்ஷனுக்குப் பின்னும், டிலே ரிவர்ப்புக்கு முன்னும் இதனை வைத்தல் நன்று. இல்லையேல் எதிரொலியின் வாலையும் இது அறுத்துவிடும். ஆயின் இக்காவலனுக்கு இசையையும் இரைச்சலையும் பகுத்தறியும் அறிவு இல்லை. கதவு திறந்திருக்கும்போது இரண்டும் ஒருங்கே வரும். கதவு அடையும்போது, தேய்ந்து செல்லும் கார்வையின் கடைசி மூச்சும் இரைச்சலோடு வெட்டுண்டு போகும். ஒரு சுரம் மெல்லத் தேய்ந்து அடுத்த சுரத்திற் கலக்கும் நம் இசைக்கு இது பொறுக்கத்தக்கதன்று. எல்லாக் குற்றத்தையும் களைந்தபின் எஞ்சிய சிறு சீறலுக்கு மட்டும் இதனைக் கொள்க.

எர்த் என்னும் காவல்

இனி, முன்னர்க் குறித்த எம் பிழையைக் கூறுவோம். சென்ற ஆண்டு கிறிஸ்துமஸ் காலத்தில் மயிலாப்பூர்ப் பகுதியிலுள்ள ஓர் ஆலயத்தில் எம் குழுவினர் பாடினோம். கித்தார் ஆம்ப்ளிஃபயரை மேடையின் ஒரு கோடியிலுள்ள மின்பலகையிற் செருகியிருந்தோம். பாடகரின் மைக்குகள் சேரும் மிக்ஸர் மண்டபத்தின் மறுகோடியில் வேறொரு பலகையில் இருந்தது. ஆம்ப்ளிஃபயரிலிருந்து மிக்ஸருக்கு ஒரு கேபிள் சென்றது. அதனை இணைத்தவுடன் மண்டபம் முழுவதும் உறுமிற்று. முதற்பாட்டு முடிந்து எல்லோரும் தலைகுனிந்து அமைதி காத்தபோதும் உறுமல் மட்டும் தலைகுனியவில்லை.

இதன் காரணத்தை இன்று அறிவோம். இரு கருவியும் தத்தம் மின்பலகை வழியே எர்த் பெற்றிருந்தன. கேபிளின் வலையும் அவ்விரண்டையும் இணைத்தது. எர்த்துக்கு இரு வழிகள் ஏற்பட்டு, அவை சேர்ந்து பெரியதொரு வளையமாயின. இரு பலகைகளின் எர்த்துக்கும் இடையே இருந்த சிறு வேற்றுமையால் அவ்வளையத்தில் மின்னோட்டம் ஓடி உறுமலாயிற்று.

அன்று யாம் இதனை அறியோம். எங்கேயோ கேட்ட சொல்லை நம்பி, ஆம்ப்ளிஃபயரின் மூன்று முனைப் பிளக்கிலிருந்து எர்த் கம்பியை அறுத்துவிட்டோம். உறுமல் உடனே நின்றது. எம் அறிவை யாமே வியந்தோம்! மறுநாள் ஒத்திகையில் மிக்ஸருக்குச் செல்லும் கேபிளை இணைக்கவில்லை. எம் நண்பர் கித்தார்த் தந்தியைப் பற்றியவாறே பாடுவதற்கு மைக்கை நெருங்கினார். உதடு பட்டதும் பொறி பறந்தது. அவர் பின்னோக்கி விழுந்தார். கை தந்தியினின்றும் விலகியமையாற் பிழைத்தார். முதல்நாள் அக்கேபிளின் வலையே ஆம்ப்ளிஃபயருக்கு எர்த்தாக நின்று காத்தது. அதனை நீக்கியவுடன், ஆம்ப்ளிஃபயரிற் கசிந்த மின்சாரத்திற்கு வேறு வழியின்றி, நண்பரின் உடலே வழியாயிற்று.

ஒலியமைப்புச் செய்யும் முதியவர் ஒருவர் அன்று அங்கிருந்தார். அவர் எம்மைக் கடிந்துரைக்கவில்லை. அறுத்த பிளக்கைக் கையில் எடுத்துப் பார்த்து, “தம்பி, இரைச்சல் காதுக்குத்தான் கெடுதி, இது உயிருக்கே கெடுதி. சத்தம் எங்கே பிறக்குதுன்னு தேடணும், காவல்காரனை வெட்டக் கூடாது” என்றார். பின்னர் எல்லாவற்றையும் கழற்றச் செய்து, ஒவ்வொன்றாக இணைத்துக் காட்டினார். பிளக்குக்குப் புதிய கம்பி இட்டார். ஆம்ப்ளிஃபயருக்கும் மிக்ஸருக்கும் ஒரே மின்பலகையிலிருந்து மின்சாரம் தந்தார். இடையே டி.ஐ. பெட்டி ஒன்றை வைத்தார். அதனுள் இருக்கும் சிறு மின்மாற்றி இசையை மட்டும் கடத்தி, கேபிள் வழியே எர்த் வளையம் உண்டாகாமல் தடுக்கின்றது. அதன் புறத்தே எர்த்தைப் பிரிக்கும் விசை ஒன்றும் இருந்தது. அது பிரிப்பது இசைக் கேபிளின் வலையை மட்டுமே; மின்பிளக்கின் எர்த்தைத் தீண்டுவதில்லை. இவ்விரண்டின் வேறுபாட்டை அறியாமையே எம் பிழை. அரை மணியில் உறுமல் அடங்கிற்று. எஞ்சிய கரகரப்பு, மூன்றாம் பெடலையும் நான்காம் பெடலையும் இணைத்த ஒரு சாண் கேபிளில், வலையின் ஓரிழை அறுந்து நடுமுனையைத் தொட்டுக்கொண்டிருந்ததால் வந்தது. நரம்பினுள் மயிர் என்று யாம் படித்ததை அன்று கண்ணாற் கண்டோம்.

எம் நண்பர் பெற்ற நற்பேறு எல்லோர்க்கும் வாய்த்ததன்று. 1972 மே 3ஆம் நாள், வேல்ஸ் நாட்டுச் சுவான்சி நகர மேடையில், லெஸ் ஹார்வி என்னும் ஸ்காட்லாந்துக் கித்தார்க் கலைஞர், எர்த் சரிவர இல்லாத மைக்கைத் தொட்டு அங்கேயே உயிர் துறந்தார். பிளக்கின் மூன்று முனைகளுள் எர்த்துக்குரியது நீண்டும் தடித்தும் இருப்பது வீணன்று. செருகும்போது அது முதலில் தொடவும், எடுக்கும்போது இறுதியில் விலகவும் அவ்வாறு அமைத்துள்ளனர். எர்த் முனையில்லாத இருமுனை நீட்டுக்கம்பியில் ஆம்ப்ளிஃபயரை இயக்குவதும் அறுப்பதற்கு ஒப்பான பிழையே. பழைய வீடுகளில் எர்த் குழி வறண்டு, முனை இருந்தும் பயனின்றிப் போவதுண்டு. எலக்ட்ரீஷியனைக் கொண்டு அதனைச் சோதித்தல் நன்று. 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தை நிறுத்தும் ஆர்.சி.சி.பி. விசை வீட்டிலும் மண்டபத்திலும் இருத்தல் அதனினும் நன்று. கித்தாரைத் தொட்டுக்கொண்டு மைக்கை நெருங்கும்போது சுருக்கென்று சிறிதே தைத்தாலும், வாசிப்பை நிறுத்தி மின்சாரத்தை அணைத்துவிட வேண்டும்.

முடிவுரை

இத்தனையும் செய்தபின்னரும் செவியைக் கூர்ந்து வைத்தால் ஒரு மெல்லிய சீறல் கேட்கும். அதனை முற்றும் ஒழித்தல் எவர்க்கும் இயலாது. கம்பியிலும் மின்தடையிலும் உள்ள எலக்ட்ரான்கள் வெப்பத்தால் ஓயாது அலைகின்றன. அவ்வலைவே ஒரு நுண்ணிய இரைச்சல். 1928இல் ஜான்சன், நைக்விஸ்ட் என்னும் இருவர் இதனை அளந்தும் விளக்கியும் காட்டினர். வெப்பம் உள்ளவரை அவ்விரைச்சலும் உண்டு. நீக்கத்தக்கதை நீக்குதலும், நீங்காததைப் பொறுத்தலும், இவ்விரண்டையும் பகுத்தறிதலும் வேண்டும்.

அன்று ஆலயத்தில் இறுதிப் பாட்டு முடிந்தபின் எழுந்த அமைதியை யாம் நன்கு நினைவு கூர்கின்றோம். கித்தாரின் கடைசிச் சுரம் தேய்ந்து தேய்ந்து, எப்போது முடிந்தது என்று அறியாவண்ணம் அடங்கிற்று. வெளியே கச்சேரி சாலையில் வண்டிகள் செல்லும் ஓசை மட்டும் கேட்டது. எம் நண்பர் எம்மருகே நின்றுகொண்டிருந்தார்.